குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் வருகிறது என்றால் நம்மில் பலர் செய்வது இரண்டே வேலைதான். ஜன்னலை இறுக்கமாக அடைப்பது, ஹீட்டரைக் கூட்டி வைப்பது. நானும் அப்படித்தான் இருந்தேன். உறைபனி விழும் இடத்தில் கழித்த முதல் குளிர்காலத்தில் ஒரு டேப் சுருள் முழுவதையும் காலி செய்து, ஜன்னல் விளிம்பு, குளியலறை காற்றுத்துளை என்று கண்ணில் பட்ட இடுக்கை எல்லாம் ஒட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் துணி அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. குளிர்காற்று உள்ளே வரவில்லை, சரி, ஆனால் உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லையே. அப்போதிருந்து வீட்டைச் சுற்றிவரும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம்: காற்று எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, புகை எப்படி வெளியேறுகிறது.

முதலில் காற்று. சூடான காற்று மேலே ஏறும், கூரைப் பக்கம் இருக்கும் இடுக்கு வழியாக வெளியே போகும், அது போன இடத்தை நிரப்பக் கீழ்ப்பக்கம் உள்ள சந்துகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். அதனால் கசிவு அதிகம் இருப்பது வீட்டின் உச்சியிலும் அடியிலும்தான். நாமோ நடுவில் இருக்கும் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். பரணுக்கு ஏறும் மூடி, கூரையைத் துளைத்துப் போகும் வயர், பைப் ஓட்டைகள், வாசல் கதவின் அடி இடைவெளி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இந்த இடங்களுக்குப் பக்கத்தில் காட்டினால் போதும், புகை ஆடும் இடமெல்லாம் ஓட்டை. (திரைச்சீலைக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம்.)

ஆனால் ஓட்டை வேறு, வேண்டுமென்றே வைத்த காற்றுத்துளை வேறு. கேஸ் அடுப்பு, பாய்லர், கணப்பு எது எரிகிற இடமானாலும் அங்கே வைத்திருக்கும் காற்றுத்துளையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. கூரையின் ஓரத்தில் பரணுக்குக் காற்று போக வைத்திருக்கும் துளைகளும் அப்படியே. இன்சுலேஷன் போடுகிறேன் பேர்வழி என்று பஞ்சை அதன் மேலேயே திணித்துவிட்டால், பரணில் ஈரம் தங்கி மரம் மெல்ல மெல்ல உளுத்துப்போகும்.

ஈரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. சமையல், குளியல், அறைக்குள் காயப்போடும் துணி, நம் மூச்சு எல்லாமே காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. அது குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் போய்ப் படிகிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது; காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைப்பதைவிட, எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் ஐந்து பத்து நிமிடம் அகலமாகத் திறந்து மூடிவிடுவது மேல். காற்று மாறிவிடும், சுவர் குளிர்வதற்குள் வேலை முடிந்துவிடும். அலமாரி, கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அனுபவித்தவன் சொல்கிறேன்.

அடுத்து தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது, அதனால்தான் பைப் வெடிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். நடப்பது கொஞ்சம் வேறு. பைப்புக்குள் ஓர் இடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில்தான் பைப் பிளக்கிறது, பல சமயம் பனிக்கட்டியே இல்லாத இடத்தில். கடும் குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: அழுத்தம் வெளியேற ஒரு வழி.

தோட்டக் குழாயில் ஹோஸைக் கழற்றாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உறையாத வகைக் குழாய்தானே (மூடியதும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும் வகை) என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் அதுவும் வெடிக்கும். உடைந்தது அப்போது தெரியாது, வெயில் வந்து குழாயைத் திறக்கும் அன்றுதான் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். வெளிச்சுவர் ஓரமாகப் போகும் பைப்புக்கு உறை போட்டுவிடுங்கள், சிங்க்குக்கு அடியில் பைப் இருந்தால் குளிர் இரவில் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு உள்ளே போகட்டும். அப்புறம் வீட்டின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது, கையால் திருப்பினால் திரும்புகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தண்ணீர் பீறிடும்போது தேடுவதற்கு அது நேரமல்ல.

உறைந்த பைப்பைத் தீ காட்டி இளக்குவது அடுத்த ஆபத்து. வீடே பற்றிக்கொள்ளும். குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் பொறுமையாகச் சூடாக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது செலவு மிச்சம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் ஓடவிட்டு, மெயின் வால்வை மூடிவிட்டுப் போவது நல்லது. வீட்டில் இருக்கும்போது இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: சீக்கிரம் சூடாகட்டும் என்று தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டின் அளவை வைக்கும் கருவியை, 28, 30 என்று ஏற்றுவது. பெரும்பாலான ஹீட்டர்களில் அதனால் வேகம் கூடாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஃபில்டர் தூசி அடைத்திருந்தாலோ ரேடியேட்டருக்கு முன்னால் சோபா கிடந்தாலோ எத்தனை ஏற்றினாலும் பலனில்லை.

வெளியே பார்த்தால், கூரைத் தண்ணீர் வடியும் வாய்க்காலில் இலைதழை அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் கூரை ஓரத்தில் பனிக்கட்டி வரப்புப் போல் கட்டுவதற்கு முக்கியக் காரணம் பரண் வழியாக ஏறும் சூடு. மேலே உள்ள பனி அந்தச் சூட்டில் உருகி, குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. பின்னால் வரும் தண்ணீர் தேங்கி ஓட்டுக்கு அடியில் ஏறிக் கூரைக்குள் ஒழுகுகிறது. முதலில் சொன்ன பரண் மூடியின் இடுக்கை அடைத்திருந்தால் இது குறையும். வாசல்படியில் பனி உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். சாதாரண உப்பும் மைனஸ் 10 டிகிரி வாக்கில் கையை விரித்துவிடும். மணல் தூவினால் காலாவது வழுக்காது.

கடைசியாகப் புகை. பச்சை விறகு எரித்தால் புகைபோக்கிக்குள் தார் போல ஒன்று படியும், ஒருநாள் அது பற்றிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தே ஆக வேண்டும். அள்ளிய சாம்பலில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் கூடையில் கொட்டாமல் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். சிறிய மின் ஹீட்டரைச் சுவர் பிளக்கில் நேரடியாக மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. துணி, மெத்தை எல்லாம் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கரண்ட் போன இரவில் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவதும், கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்று கேரேஜில் ஜெனரேட்டர் ஓட்டுவதும் உயிரைப் பறிக்கும். இவற்றின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வரும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். படுக்கையறைப் பக்கம், மாடிக்கு ஒன்று என இந்த வாயுவைக் கண்டு அலறும் அலாரம் மாட்டிப் பேட்டரியைச் சோதித்து வையுங்கள். அது அலறினால் பேட்டரி போயிருக்கும் என்று கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், எல்லாரையும் எழுப்பிக்கொண்டு முதலில் வெளியே போங்கள், அவசர உதவிக்கான அழைப்பை அங்கிருந்து செய்துகொள்ளலாம்.