பாலத்தின் டெக் (மேல்தளம்) கான்கிரீட்டில் வரி போடுவது எப்படி

மழையில் பாலத்தின் மேல் டயர் வழுக்காமல் இருக்க இரண்டு வகைச் சொரசொரப்பு வேண்டும். மேற்பரப்பில் இருக்கும் மணலின் நுண்ணிய சொரசொரப்பு ரப்பரைப் பிடிக்கும். 3 மி.மீ. அகல வரிகள் (பள்ளக் கோடுகள்) டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே விடும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. சுண்ணாம்புக்கல்லை உடைத்த மணல் சீக்கிரம் தேய்ந்து வழவழப்பாகிவிடும் என்பதால், மேற்பரப்புக் கான்கிரீட்டுக்கு கிரானைட் எம்-சாண்ட் அல்லது குவார்ட்ஸ் மணல் நல்லது.

மேலே தார் வருவதாக இருந்தால் வரியே வேண்டாம். தாருக்கு அடியில் ஒட்டும் நீர்புகா மெம்பரேன் (தண்ணீர் இறங்காமல் தடுக்கும் படலம்) வரியின் மேல் சரியாக ஒட்டாது. கீழே சொல்வதெல்லாம் கான்கிரீட் மேலேயே வண்டி ஓடும் டெக்குக்கும் வியரிங் கோட்டுக்கும்தான் (தேய்மானத்தைத் தாங்க டெக் மேல் போடும் கான்கிரீட் அடுக்கு).

மட்டம் அடித்த பிறகு இரும்புக் கரண்டியால் மெழுகாதீர்கள். மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்ச காய்ந்த சிமெண்டைத் தூவும் வழக்கம் இன்னும் பல சைட்டில் இருக்கிறது. அந்த மேல்தோல்தான் முதலில் உரியும், வரியும் அதோடு போய்விடும். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் அதே கெடுதல்தான்.

மட்டம் முடிந்ததும் ஈரச் சாக்கை ஒரே இழுப்பாக இழுங்கள். பிறகு காத்திருங்கள். தண்ணீர் மினுமினுப்பு மறைந்தவுடன் ஓரத்தில் சீப்பை (வரி போடும் கம்பிப் பற்கள் உள்ள கருவி) ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். கரை சரிந்து வரி மூடிக்கொண்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஜல்லி பெயர்ந்து கரை பொடிந்தால் தாமதம். கரை நேராக நின்று, பல்லில் கொஞ்சம் சிமெண்ட் பால் மட்டும் ஒட்டினால் அதுதான் நேரம். சித்திரை வெயிலில் இந்த நேரம் மிகக் குறைவு. ராத்திரியில் கான்கிரீட் போடுவது நல்லது.

சீப்பின் கம்பி 3 மி.மீ. அகலம், வரியின் ஆழம் 3 முதல் 4 மி.மீ., இடைவெளி சராசரி 20 மி.மீ. எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் டயர் ஊளையிடும், ஆகவே மாற்றி மாற்றி வையுங்கள். ஸ்லாபில் கால் வைக்காமல், குறுக்கே போட்ட பணிப்பாலத்தில் நின்று ஒரே போக்காக இழுக்க வேண்டும். முந்தைய வரியின் மேல் ஏறினால் நடுவில் இருக்கும் மேடு உடையும். ஒவ்வொரு இழுப்புக்கும் பற்களைக் கழுவுங்கள். கெர்ப் (சாலை விளிம்புக் கட்டை) ஓரம் 300 மி.மீ. விட்டுவிடுங்கள், அங்கே தண்ணீர் நீளவாக்கில் ஓடட்டும்.

வரி வண்டி ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். நீளவாக்கு வரியில் சத்தம் குறைவு, ஆனால் பைக் டயர் வரியைப் பிடித்துக்கொண்டு ஆடும். இருசக்கர வாகனம் அதிகமுள்ள நம் சாலைக்கு அது ஏற்றதல்ல. சாய்வுப் பாலத்தில் (ஆற்றைக் கோணலாகக் கடக்கும் பாலம்) ஸ்லாப் முடியும் ஜாயின்ட்டுக்கு இணையாக இழுக்காமல், சாலையின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக இழுங்கள்.

வரி போடுவதற்காகக் கியூரிங் (கான்கிரீட்டை ஈரம் காக்க வைப்பது) காத்திருக்கக் கூடாது. சீப்புக்குப் பின்னாலேயே கியூரிங் காம்பவுண்ட் (ஈரம் ஆவியாகாமல் தடுக்கும் திரவம்) அடித்துக்கொண்டே வாருங்கள். அடையாளம் பதியாத அளவு இறுகியதும் ஈரச் சாக்கு. நம் வெயிலுக்கு ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்) என்றால் 10 நாள், பிபிசி (போசோலனா கலந்த சிமெண்ட்) என்றால் 14 நாள் நனைத்தே வைத்திருங்கள். மெஷின் கிடைத்தால் எங்கள் சிபாரிசு வேறு: அன்றைக்குச் சாக்கு இழுப்பு மட்டும், கியூரிங் முழுவதும் முடிந்து கான்கிரீட் பலம் வந்தபின் டயமண்ட் பிளேடால் வரி வெட்டுவது. கியூரிங் தடைபடாது, ஜல்லியும் பெயராது. வெட்டும்போது வரும் சேற்றை உடனே உறிஞ்சி எடுங்கள். காரத்தன்மை உள்ள அந்தச் சேறு ஆற்றில் விழக் கூடாது. எந்த முறையானாலும் ஸ்லாபின் இரும்புக் கம்பிக்கு மேலுள்ள கவரில் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வரியின் ஆழத்தைச் சேர்க்கக் கூடாது. வெட்டுவதற்கு முன் கவர் மீட்டர் (அந்தக் கனத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.

கடைசியில் மணல் சோதனை. 25 மில்லி நுண்மணலைக் கொட்டி ரப்பர் வட்டால் வட்டமாகப் பரப்பி, நான்கு பக்கமாக விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள். 180 மி.மீ. வந்தால் சொரசொரப்பின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ., 200 வந்தால் 0.8. வட்டம் பெரிதானால் தளம் வழவழப்பு. 3 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம், 20 மி.மீ. இடைவெளி என்று கணக்குப் போட்டால் வரியிலிருந்து கிடைக்கும் சராசரி ஆழம் 0.6 மி.மீ.தான். மீதி சாக்கு இழுப்பிலிருந்து வர வேண்டும். அதனால்தான் அதை விடக் கூடாது என்கிறோம்.

சோதனையில் தேறாத இடத்தில் மெல்லிய சாந்து பூசாதீர்கள், சில மாதத்திலேயே உரிந்துவிடும். இறுகிய கான்கிரீட்டில் வரி வெட்டுவதுதான் நல்ல வழி.