புரொசஸர் கூலரின் குளிர்ச்சியையும் சத்தத்தையும் சோதிக்கும் முறை

சித்திரை மாதத்து நண்பகலில் யாழ்ப்பாணத்து வீடொன்றில் சோதித்த, கணினியின் புரொசஸரைக் குளிர்விக்கும் கூலரை, மார்கழி விடியற்காலையில் சோதித்த இன்னொன்றோடு அப்படியே ஒப்பிட்டால் பருவத்தின் வேறுபாடுதான் தெரியவரும். ஆகவே புரொசஸரின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வரும் எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும். அறை 32 பாகை செல்சியஸ், புரொசஸர் 80 எனில், கூலரின் கணக்கு 48. வெப்பமானியைக் கணினிப் பெட்டி காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் வைத்து, சீலிங் ஃபானை நிறுத்திவிடுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது மின்வலுவை. 2022இல் வந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் உயர்தரப் புரொசஸர்கள், முழுச் சுமையில் 95 பாகை வரை சென்று, அந்த எல்லைக்குள் நிற்கும்படி தம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைப்பவை. நல்ல கூலரும் சுமாரான கூலரும் அங்கே ஒரே 95ஐக் காட்டக்கூடும் என்பதால், பயோஸில் (கணினியைத் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கத்தில்) மின்வலுவுக்கு ஓர் எல்லை வகுத்து, எல்லாக் கூலர்களையும் அதே வாற் அளவில் சோதிப்பதே நியாயம்.

புரொசஸரிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்த இடையே பூசும் தேர்மல் பேஸ்ட்டில் பழையதை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, ஒரே வகைப் பேஸ்ட்டைப் பூசி, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். புரொசஸருக்கு முழுச் சுமை தரும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசி ஐந்து நிமிடங்களின் சராசரி வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பாருங்கள். நீர்க் கூலர்களில் நீர் மெதுவாகவே சூடாகும் என்பதால் அவற்றுக்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும்.

சத்தத்தை அளக்க இரவே உகந்தது. சோளகக் காற்றில் பனையோலைகள் சலசலக்கும் இரவாயின் அதையும் தள்ளிப்போடுவது நல்லது. கூலர் ஓடாதபோதுள்ள ஒலி, ஓடும்போதுள்ளதைவிட 10 டெசிபலாவது குறைவாக இருந்தால், அளவீட்டில் அதன் பங்கு அரை டெசிபலுக்கும் குறைவே. பெட்டியின் மற்ற விசிறிகளை நிறுத்தி, ஒலி அளவியை அரை மீற்றர் தொலைவில், காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் எண் துல்லியமானதன்று. ஆனால், ஒரே தொலைபேசியால் இரு கூலர்களை ஒப்பிடப் போதும்.

விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பெறும் குளிர்ச்சியை நான் பெரிதாக மதிப்பதில்லை, அந்த இரைச்சலோடு எவரும் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு கூலரும் ஒரே டெசிபலைத் தரும் சுழற்சி வேகத்தை இரவில் கண்டு குறித்துவைத்து, பிறகு அந்த வேகத்திலேயே வெப்பச் சோதனையைச் செய்தால் எது மேலானது என்பது தெளியும். டெசிபல் சமமாக இருந்தும் ஒன்று காதை உறுத்துமானால், வேகத்தை நூறு நூறு சுற்றாக உயர்த்தி, எந்த இடத்தில் முனகலோ டிக் டிக் ஒலியோ எழுகிறது என்று காதாலேயே கேட்டு, அந்த வேகங்களைத் தவிர்க்குமாறு விசிறியின் வேக அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.