வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள்

கடை திறப்பு அழைப்பிதழ்களில் அடிக்கடி பார்க்கும் வசனம் இது: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." வேதத்தில் யோபு 8:7. நல்ல வசனம்தான், ஆனால் அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். யோபின் மூன்று நண்பர்களில் ஒருவனான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உம்முடைய பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று 4-ம் வசனத்தில் சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டு, நீர் சுத்தமாயிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்ல வருகிறவன். 42-ம் அதிகாரத்தில் கர்த்தர் இவன்மேலும் மற்ற இரண்டு நண்பர்கள்மேலும் கோபப்படுகிறார், என்னைப்பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபின் முடிவு ஆசீர்வாதமாகத்தான் இருந்தது, ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அல்ல.

ஒரு வரியைப் பிய்த்து எடுத்தால் வாக்குத்தத்தம் கிடைக்கும். முழுப் புத்தகத்தையும் வாசித்தால், துக்க வீட்டுக்குப் போய் நாம் பேசுகிற பேச்சு அப்படியே பில்தாத்தின் வாயிலிருந்து வருவது தெரியும். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் ஒன்றுமே பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் (2:13). இதைப் படித்த பிறகு அடுத்த துக்க வீட்டில் வாயைத் திறக்கும் முன் கொஞ்சம் யோசிப்போம் இல்லையா, வேதம் நம்மை மாற்றுவது இப்படித்தான்.

எரேமியா 29:11-ம் இதே மாதிரிதான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதாவது கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைத்தான் 28-ம் அதிகாரம் கள்ளத் தீர்க்கதரிசி என்று காட்டுகிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் எரேமியா. விசா, வேலை, கல்யாணம் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறவருக்கு இந்த முழுக் கடிதம் தரும் ஆறுதலை ஒரே வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை தந்துவிட முடியாது.

சரி, ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீன் கையில் கிடைத்த பக்கத்தைத்தானே வாசித்து மனம் திரும்பினார் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் ரோமர் 13-ல் கண்ணில் பட்ட வரிகள் அவரைத் திருப்பிப் போட்டன. ஆனால் அதற்கு முன்பே அவர் மிலான் பிஷப் அம்புரோசின் பிரசங்கங்களை உட்கார்ந்து கேட்டவர், பவுலின் நிருபங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்தவர். அந்தப் பக்கம் திடீரென்று வந்து விழவில்லை.

அடுத்தவருக்காக வாசிப்பது இன்னொரு தவறு. ஒரு வசனம் உறைத்ததும் "இது அவருக்குச் சரியாகப் பொருந்தும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவும் அப்படித்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்டதாக நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையைக் கேட்டு, யாரோ ஒரு பணக்காரனுக்கு மரண தண்டனையே கொடுத்துவிட்டான். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் தன் பாவத்தை ஒத்துக்கொண்டான். உறைக்கிற வசனத்தை அனுப்புவதற்கு முன் ஒரு நாளாவது உங்களிடமே வைத்திருங்கள்.

அப்புறம், புலம்பல் சங்கீதங்களைத் தாண்டிப் போகாதீர்கள். 23-ஐயும் 91-ஐயும் மனப்பாடமாகச் சொல்வோம், 88-ஐ யாரும் தொடமாட்டோம். ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர் என்று கேட்கிற அந்த ஜெபம், கடைசி வரி வரைக்கும் விடியவே இல்லை, நண்பர்கள் விலகிப் போனதோடு முடிந்துவிடுகிறது. துதிக்க வாய் வராமல் படுக்கையில் கிடக்கிறவரிடம் போய் "விசுவாசமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதைவிட, இதைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். தன் மனதில் இருப்பது ஏற்கெனவே வேதத்தில் ஜெபமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிவதே அவருக்குப் பெரிய தைரியம்.

ஒரு வருஷத்தில் முழு வேதத்தையும் முடிக்கும் திட்டம் நல்லதுதான், பின்தங்கிவிட்டோமே என்று நான்கு அதிகாரத்தை ஒரே மூச்சில் ஓட்டாத வரைக்கும். பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் குற்ற உணர்ச்சியோடு திரும்ப அங்கேயே போய் முட்டிக்கொள்ள வேண்டாம். பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை எடுங்கள், மொத்தம் 25 வசனம், ஒரே தடவையில் வாசித்துவிடலாம்.