‘கொஞ்சம்தான் இருக்கு’: உணவு ஒவ்வாமையை வகுப்பில் சொல்லித்தர ஒரு வழி

சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். உணவு ஒவ்வாமை பற்றி முதன்முதலாகப் பாடம் எடுத்த அன்று நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலை ஆகாத ஒரு மாணவனை எழுப்பி, "உனக்கு என்ன ஆகும்னு எல்லாருக்கும் சொல்லு" என்றேன். காது சிவக்க நின்றான். அடுத்த இடைவேளையில் இரண்டு பேர் கடலைப் பொட்டலத்தை அவன் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்கள்.

ஆகவே, அந்தப் பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அவனிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். விருப்பமில்லை என்றால் அவன் பெயரே வர வேண்டாம். பயிற்சிக்கென்று கடலையோ இறாலோ வகுப்புக்குள் கொண்டுவரவும் வேண்டாம்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் "ஒத்துக்காது" என்போம். பாட்டிக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது, அப்பாவுக்கு ஐஸ் தண்ணீர் ஒத்துக்காது. ஒவ்வாமையும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒன்று. பாலின் புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பாய்வது இன்னொன்று. இரண்டாவதில் தடிப்பு, வாந்தி, முகவீக்கம், மூச்சுத்திணறல் சில நிமிடங்களிலேயே வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். விளக்கம் இவ்வளவு போதும்.

அப்புறம்தான் அசல் பாடம், அது கேண்டீனில். முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, இறால் நண்டு, சோயா என்று அட்டைகள் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அந்த ஓர் இடைவேளைக்கு அட்டையில் உள்ளதைத் தொடக்கூடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் வழக்கம்போலவே பதில் சொல்லட்டும்.

இறால் அட்டை வைத்திருந்த ஒரு சிறுமியின் பின்னால் நானே நின்றேன். நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும் விற்பது. "இறால் இருக்கா?" "இல்லை." முகம் மலர்ந்தது. இரண்டாவது கேள்வியும் கேட்கச் சொல்லியிருந்தேன்: "சம்பலில் பெலாச்சான் போடுவீங்களா?" கடைக்கார மாக்சிக் (மலாய் அம்மா) சிரித்தபடி, "சிக்கிட் சாஜா" என்றார். கொஞ்சம்தான். பெலாச்சான் என்பது இறாலைப் புளிக்கவைத்து அரைத்ததுதானே! பின்னால் வரிசையில் "சீக்கிரம் லா" என்று ஒரு குரல். அவள் விலகினாள். அடுத்த கடையில் லக்சா, குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். அதிலும் உலர்ந்த இறால். கடைசியில் தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவிய காயா ரொட்டி கையில் வந்தபோது பாதி இடைவேளை போயிருந்தது.

யாரையும் பசியோடு வகுப்புக்கு அனுப்பாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அட்டையைத் தூக்கிப் போட அனுமதி கொடுங்கள். நிஜமாகவே ஒவ்வாமை உள்ளவனுக்கு அந்தச் சலுகை கிடையாதே என்று பிள்ளைகளே எடுத்துக் கொடுப்பார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "சோகம் டீச்சர்" என்ற பதில்தான் வரும். எத்தனை பேரிடம் கேட்டாய், எத்தனை நிமிடம் ஆயிற்று, கேட்காமலே விட்டது எது என்று கேளுங்கள். "கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான் ஒண்ணும் வாங்கல" என்றான் ஒருவன். அன்றைய பாடத்தில் எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

காலிப் பொட்டலங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி லேபிள் படிக்க வைக்கலாம். சிங்கப்பூரில் பொட்டலத்தில் அடைத்த உணவென்றால் பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, சோயா, மரக்கொட்டைகள், கோதுமை போன்ற குளுட்டன் உள்ள தானியங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். தட்டில் போட்டுத் தரும் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்குக்கு லேபிள் ஏது? வாயைத் திறந்து கேட்பதுதான் வழி.

அவசரத்தில் பிள்ளைகளின் வேலை ஒன்றுதான்: ஓடிப்போய்ப் பெரியவரை அழைப்பது. நண்பனைத் தனியாகக் கழிப்பறைக்கு அனுப்பக் கூடாது, நடக்க விடக்கூடாது. கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசிமருந்தான அட்ரினலின் பேனாவைத் தொடையின் வெளிப்பக்கத்தில், சீருடைக்கு மேலேயே குத்தலாம் என்று ஊசியில்லாத பயிற்சிப் பேனாவால் காட்டுங்கள். குத்தியதும் ஆம்புலன்ஸுக்கு 995.

கடைசியில் ஒரு விளையாட்டு. ஒருவன் கையில் ஜிகினாத் தூளைப் பூசி, அதுதான் கடலைத் தூள் என்று சொல்லி எல்லாரோடும் கைகுலுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கதவுப் பிடியில், அழிப்பானில், யாரோ ஒருத்தியின் மூக்கில் மினுங்கும். கிருமிநாசினி ஜெல் தேய்த்தால் போகாது, இடம்தான் மாறும், கடலையும் அப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய செய்தித்தாளை முதலிலேயே விரித்துவிடுங்கள். நான் விரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்தும் திருத்த எடுத்த கட்டுரை நோட்டுகளில் மினுங்கிக்கொண்டிருந்தது.