குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா?

பொரித்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் கோழிக்குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் இரண்டு நிமிடம் வைத்து, ஊறியபின் மெதுவாகத் துடைத்தெடுங்கள். ஈரத்தை உடனே ஒற்றிவிட்டு, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

துவாரம் அடைபட்டால் குஞ்சால் கழிக்க முடியாது. அப்படியே விட்டால் இறந்துபோகும். பிய்த்தாலோ மெல்லிய தோலும் சேர்ந்து கிழியும், அந்தப் புண்ணை மற்றக் குஞ்சுகள் கொத்தத் தொடங்கிவிடும். பெரும்பாலும் காரணம் குளிர் அல்லது மிகுந்த சூடு என்பதால் சூட்டுக்காக வைத்திருக்கும் பல்பையும் கவனியுங்கள்: குஞ்சுகள் அதன் கீழே குவியலாக ஒடுங்கினால் சூடு போதவில்லை, வாய் திறந்தபடி விலகி நின்றால் சூடு அதிகம். முதல் வாரத்தில் குஞ்சுகள் நிற்கும் மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். (வயிற்றுப் பக்கம் உள்ள தொப்புள் பொருக்கை எச்சமென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.)

வெள்ளைக் கழிச்சலோடு குஞ்சுகள் அடுத்தடுத்துச் செத்தாலோ, எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ இந்தக் கைவைத்தியம் உதவாது. நோயுற்றவற்றைத் தனியே பிரித்துவிட்டு, எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.