15 நிமிடத்தில் பின் டயர்: சிக்ஸ் டேஸ் எண்டூரோ போகும் நண்பர்களுக்கு

கரடுமுரடான பாதைகளில் ஆறு நாள் நடக்கும் பைக் போட்டியான சர்வதேச சிக்ஸ் டேஸ் எண்டூரோவில் கிளப் அணிக்கு 3 பேர். ஆனால் டயர் மாற்றும்போது நண்பர்கள் கை கொடுக்க முடியாது; ஓட்டுபவரே மாற்ற வேண்டும். நாள் முடிவில் கிடைப்பது 15 நிமிடம். அதன்பின் வண்டி காவல் வளாகத்துக்குள் போய்விடும், தொட முடியாது.

டியூபுக்குப் பதில் போடும் நுரை ரப்பர் வளையமான மூஸில்தான் பலர் திணறுகிறார்கள். டயரின் உள்பக்கமும் மூஸும் வழவழவென்று ஆகும்வரை மூஸுக்கென்றே வரும் ஜெல்லைத் தாராளமாகப் பூசுங்கள். கிரீஸ் வேண்டவே வேண்டாம். ஜெல் குறைந்தால் உராய்வுச் சூட்டில் மூஸ் உள்ளேயே பொடிந்துவிடும். புது டயரை முன்கூட்டியே வெயிலில் வைத்தால் இளகும்.

டயர் ரிம்மில் வழுக்காமல் பிடிக்கும் ரிம் லாக்கை உள்ளே தள்ளி, அந்த இடத்தில் டயர் விளிம்பை முதலில் ஏற்றுங்கள். பிறகு லீவரால் (நெம்புகோலால்) ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ. மட்டும் ஏற்றுங்கள். ஏறிய பகுதியை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கியே வைத்திருங்கள். லீவர் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். விளிம்பு பள்ளத்தைவிட்டு வெளியே வந்திருக்கும். மறுபடி அமுக்கினால் சுலபமாக ஏறும்.

சக்கரம் மாட்டியதும் பின் பிரேக் மிதியை, கெட்டியாகும்வரை, நாலைந்து முறை அழுத்துங்கள். விலகிய பிரேக் பேட்கள் டிஸ்க்கோடு ஒட்டாவிட்டால் முதல் வளைவில் பிரேக்கே பிடிக்காது.