குறுகிய செரிஃப் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

நாளிதழின் ஒற்றைப் பத்தித் தலைப்பு, நீண்ட பெயர் கொண்ட நூலின் அட்டை, நெருக்கமான விலைப்பட்டியல் என இடம் குறைவாகவும் சொல்ல வேண்டியது அதிகமாகவும் இருக்கும் பணிகளுக்குத்தான் குறுகிய செரிஃப் எழுத்துரு (கோடுகளின் நுனியில் செரிஃப் எனப்படும் சிறு குறுக்குக்கோடுகள் கொண்ட, அகலம் குறைந்த எழுத்துரு) தேவைப்படுகிறது. ‘நியூயார்க் டைம்ஸ்’ 2003ஆம் ஆண்டில் தன் தலைப்புகளை செல்ட்னம் என்ற ஒரே எழுத்துருக் குடும்பத்துக்கு மாற்றியபோது, எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் அதைப் பல தடிமன்களிலும் அகலங்களிலும் புதிதாக வரைந்து கொடுத்தார்.

சாதாரண எழுத்துருவை மென்பொருளில் பக்கவாட்டில் நெருக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 80 சதவீதத்துக்கு நெருக்கும்போது, 100 அலகு தடிமனுள்ள செங்குத்தான நெடுங்கோடு 80 அலகாக மெலிகிறது, கிடைக்கோடோ பழைய தடிமனிலேயே நிற்கிறது, ஆகவே தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே வடிவமைப்பாளர் அமைத்த விகிதம் குலைந்துபோகிறது. ஆப்பிள் நிறுவனம் 1984 முதல் பயன்படுத்திய கேரமாண்ட் எழுத்துரு, அவ்வாறு 80 சதவீதத்துக்குக் குறுக்கப்பட்டதே; பிற்பாடு பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் அதன் கோடுகளின் தடிமனைத் திருத்த வேண்டியிருந்தது.

எழுத்துருவை வாங்கும் முன், ஆங்கிலச் சிறிய ‘ஓ’வைத் திரை நிறையப் பெரிதாக்கி, அதே குடும்பத்தின் இயல்பான அகலத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கவனமாக வரையப்பட்டதில் இரு பக்கங்களும் ஏறக்குறைய நேர்கோடாக நிமிர்ந்து, வளைவு மேலும் கீழும் மட்டும் தங்கியிருக்கும். நெடுங்கோட்டின் தடிமன் அதிகம் குறையாது. உள்ளிருக்கும் வெற்றிடம்தான் சுருங்கியிருக்கும். அடுத்து ‘எம்’ எழுத்தைப் பாருங்கள்: செரிஃப்கள் ஒன்றோடொன்று முட்டினால் அந்த எழுத்துருவை விட்டுவிடலாம்.

பெரிய தலைப்புகளில் டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையிலான பொது இடைவெளியை, சற்றே குறைக்கலாம். அளவு சிறுக்கச் சிறுக்க அதைக் கூட்ட வேண்டும். ஒரு வரியில் அதிக எழுத்துகள் அடங்குவதால், குறிப்புரை போன்ற சிறு பத்திகளில் பத்தியின் அகலத்தையும் சேர்த்தே குறைத்து, வரிக்கு 45 முதல் 75 எழுத்துகளுக்குள் நிறுத்துங்கள். நீண்ட கட்டுரையின் உடற்பகுதிக்குக் குறுகிய எழுத்துருவைத் தவிர்ப்பதே நல்லது.

இணையத்துக்கு, அகலத்தை 50 முதல் 150 சதவீதம் வரை மாற்றிக்கொள்ளக்கூடிய ரோபோட்டோ செரிஃப் என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில், எழுத்துருவின் அகலத்தைக் குறிக்கும் ‘ஃபான்ட்-ஸ்ட்ரெட்ச்’ மதிப்பை 75 சதவீதமாக வைத்தால் குறுகிய வடிவம் வரும். எழுத்துருவிலேயே அந்த அகலம் இல்லையென்றால் உலாவி எதையும் நெருக்காது, அதுவும் நன்மைக்கே.

அருகில் தமிழ்த் தலைப்பு வருமானால், ஆங்கிலத்துக்கு ஈடாக அதையும் நெருக்காதீர்கள். ‘ண’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு, அச்சில் மைத்திட்டாகிவிடும். தமிழை அதன் இயல்பான அகலத்தில் விட்டு, புள்ளியளவைக் குறைத்தோ இரண்டு வரிகளாக உடைத்தோ அமையுங்கள்.